மகரமும் பகரமும்

வாக்வா மருத்துவமனையில்
என் காதில் பசை ஊற்றி அச்செடுத்தார்கள்.
ஆறு வாரம் கழித்து வந்தது
இளஞ்சிவப்பில் ஒரு ஜோடி.
பெட்டியில் தோல் நிறம் என்று போட்டிருந்ததாம்.
யார் தோல், என்று கேட்டாள் அம்மா.
மிஸ் ஜோசியான் பதில் சொல்லாமல்
பொத்தானைத் திருகினாள்.

முதலில் எனக்குக் கேட்டது தன் குரல்தான் என்று
ரோஸ் ஹில் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள்.
இல்லை.
அவள் மடியிலிருந்த பிளாஸ்டிக் பை.
பிறகு என் செருப்பு:
தெரு நெடுக யாரோ கூடவே வந்தார்கள்,
நின்றால் நின்றார்கள்.
வீட்டில் ஒன்றுக்குப் போனால்
அதற்கும் ஒரு சத்தம்.
வெட்கப்பட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.
நான்கு வயது.

அதுவரை நான் சும்மா இருக்கவில்லை.
வாய்களைப் படித்துக்கொண்டிருந்தேன்.
அம்மா என்பதும் அப்பா என்பதும்
உதட்டில் ஒரே சொல்.
மூக்குக்குள் நடக்கும் வேறுபாடு
எந்தக் கண்ணுக்குத் தெரியும்?
கிரியோலில் அவர்கள் மாமா, பாப்பா.
அங்கும் அதே கதைதான்.
நான் கூப்பிட்டால் இருவரும் எழுந்து வருவார்கள்.
அதில் எனக்கொன்றும் நட்டமில்லை.

அம்மா அணைத்தால் இரண்டு காதும் கீச்சிடும்.
சுட்டுவிட்டதுபோல் கையை எடுப்பாள்.
கீச்சிடட்டும், கீச்சிடட்டும் என்று
சட்டையைப் பிடித்து இழுப்பேன்.
கருவியை அணைப்பதும் பிள்ளையை அணைப்பதும்
தமிழில் ஒரே சொல் என்பது
வெகுநாள் கழித்துத் தெரிந்தது.
அண்ணன் தயாளன்
என் காதைப் பொத்தி அந்த விசிலை வரவழைத்து
நண்பர்களிடம் காசு வாங்கினான்.
பங்கு கேட்டேன். கொடுத்தான், பாதி.

சனிக்கிழமை, கோவில் வகுப்பில் ழ.
நாக்கை மடி, என்றார் வாத்தியார்.
பல்லுக்குப் பின்னால் நாக்கு எங்கே தெரிகிறது?
தலை குனிந்தேன்.
பக்கத்தில் சிவனேசன், ராகினி, கோவிலன்,
நல்ல காதுள்ள பதினேழு பேர்,
ஒருவருக்கும் வரவில்லை.
வாழைப்பழம் அன்று
பதினெட்டு விதமாக நசுங்கியது.
அந்த ஒரு மணி நேரம் மட்டும்
நான் எல்லாரையும் போல இருந்தேன்.

ஒரு விடுமுறையில், பார்த்துக்கொள்ள ஆளில்லாமல்,
கொரமண்டல் ஸ்வெட்டர் ஆலைக்கு
என்னைக் கூட்டிப்போனாள்.
நூறு பின்னல் இயந்திரங்கள்.
கருவியைக் கழற்றிப் பையில் போட்டேன்.
ஒன்பது மணி நேரம் அங்கே யாருக்கும் காதில்லை.
பெண்கள் வரிசைக்கு வரிசை
உதட்டாலேயே பேசினார்கள்,
பெரிதாக, நிதானமாக,
அம்மா வீட்டில் என்னிடம் பேசுவது போல.
இங்கேதான் கற்றாளா?
ஆறாம் வரிசையில் மதாம் மர்தைமுத்து
மேற்பார்வையாளரின் விக்கைப் பற்றி ஒன்று சொன்னாள்.
நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.
ஊசிகள் ஓடிக்கொண்டிருக்க
நாற்பது முகங்கள் என் பக்கம் திரும்பின,
அகப்பட்டுக்கொண்ட முகங்கள்.
அம்மா மட்டும்
நூலைப் பார்த்தபடியே இருந்தாள்,
உதட்டைக் கடித்துக்கொண்டு.

அந்த ஆலையை மூடிவிட்டார்கள்.
போகும்போது அவள் காதையும் கொண்டுபோனது.
கருவி வேண்டாம் என்கிறாள்.
இப்போது பல நிறங்களில் வருகிறது, நீலம்கூட, என்றேன்.
நீலத் தோல் கண்ணனுக்கு, என்றாள்.
கோவில் வகுப்பில் போய்ச் சேர்ந்திருக்கிறாள்.
ஞாயிறுதோறும் கைபேசியில் முகம் வரும்.
இருபுறமும் ஒலியை அணைத்துவிட்டு
வாரம் ஒரு தமிழ்ச் சொல் காட்டுவாள்.
நேற்று மல்லி என்றாளா, பல்லி என்றாளா.
ஜன்னலைக் கைகாட்டினாள்.
இரண்டும் இருக்கக்கூடிய ஜன்னல்.